மூன்று பேருக்கான காற்று

செப்டம்பர் 4

புயல் ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. இன்று காலை சூரியன் தெரிந்தது, எண்ணெய்த் தாளுக்குப் பின்னால் வைத்த விளக்கு மாதிரி. இத்தனை நாளும் வானம் முழுக்கச் செம்மண் மாவுதான். செவ்வாயில் வீசுவதைக் காற்று என்று சொல்லவே கூசும். பூமியில் இருப்பதில் நூறில் இரண்டு பங்குகூடக் கனமில்லை. அதற்கே இந்த ஆட்டம்.

துரைராசு அண்ணனும் நானும் வெளியுடை மாட்டிக்கொண்டு போய்ச் சூரியத் தகடுகளைத் துடைத்தோம். நிலையத்துக்கு மின்சாரம் முழுசாக வந்துவிட்டது. புயலின்போது மின்சாரம் போதாமல் ஆக்சிஜன் உலையை அடிக்கடி அணைத்து ஏற்ற வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிக்கவேயில்லை. வெளியே இருக்கும் கரியமில வாயுவை இழுத்து, பழுக்கக் காய்ச்சி, பீங்கான் தகடுகளில் மின்சாரம் பாய்ச்சி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பது அந்த உலைதான். பீங்கான் ஆறி ஆறிச் சூடேறினால் ஆகாது. ஆனால் இன்று ஏற்றியதும் முனகல் இல்லாமல் ஓடியது. நல்ல உலை.

செப்டம்பர் 6

மீட்டர் திருத்தும் நாள். சுவரில் இருக்கும் ஆக்சிஜன் மீட்டர் நாளாக நாளாகச் சோம்பிப்போகும். மாதம் ஒருமுறை உலையிலிருந்து வரும் வாயுவை அதற்குக் காட்டி, "இதுதான் சுத்த ஆக்சிஜன், மறந்துவிடாதே" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தேன். இப்போது பூமியில் இருப்பது போலவே இருபத்தொன்று காட்டுகிறது.

இங்கே நாங்கள் மூன்று பேர்தான். தலைவர் துரைராசு அண்ணன், பெருந்துறைக்காரர், பாறைகளைப் பற்றிப் படித்தவர். டாக்டர் ஹபீபா காயல்பட்டினம். அவர்கள் ஊரில் அக்காளை "லாத்தா" என்பார்களாம், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பீன்ஸ் செடிகளும் அவர் பொறுப்புதான். காற்றும் தண்ணீரும் தூத்துக்குடி ஞானசெல்வியாகிய என் பொறுப்பு. ஒரே மொழி பேசுகிறவர்களாக அனுப்பினால் சண்டை குறையும் என்று பூமியில் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

டிசம்பரில் ஊருக்குப் புறப்பாடு. அண்ணன் கிளம்பும்போது அவர் மனைவி பூங்கோதைக்கு வயிற்றில் ஏழு மாதம். பிள்ளை தமயந்தியை அவர் இன்னும் கையில் தூக்கியதில்லை. இன்று வந்த வீடியோவில் அவள் ஒரு தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் அதை நான்கு முறை போட்டுப் பார்த்தார்.

செப்டம்பர் 11

மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி, வழக்கத்தைவிடச் சீக்கிரமே நிரம்பிவிட்டது. மாற்றினேன். அண்ணன் ஓட்டப்பொறியில் அதிகம் ஓடுகிறார் போல.

செப்டம்பர் 15

லாத்தா பீன்ஸ் பொரியலில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை. மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. தலை லேசாக வலிக்கிறது. தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன்.

வடிகட்டி மறுபடியும் நிரம்பிவிட்டது.

செப்டம்பர் 19

அண்ணனோடு சண்டை.

பாறை எடுக்கப் போனவர் பாதியிலேயே திரும்பிவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் போட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தச் சிலிண்டர்ல காத்து அடைச்சீங்களா இல்லையா? நெஞ்சு அடைக்குதுங்க."

சிலிண்டரைப் பார்த்தேன். உலையிலிருந்து நானே நிரப்பியது, முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"சிலிண்டர் நல்லாத்தான் இருக்குண்ணே. ஒங்களுக்கு ஊருக்குப் போற நெனப்பு. வேலை ஓடல."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் அறைக்குப் போய்விட்டார். ஆனால் சிலிண்டர் நன்றாகத்தான் இருந்தது. சுவர் மீட்டரும் இருபத்தொன்றுதான் காட்டியது. கருவி பொய் சொல்லாது.

செப்டம்பர் 22

அற்புதமான நாள். இந்த இடத்தை இத்தனை நாள் ஏன் வெறுத்தேன் என்றே தெரியவில்லை. வடிகட்டி மாற்றினேன். சன்னல் வழியாகப் பார்த்தால் குன்றெல்லாம் சாம்பல் நிறத்தில் அழகாக இருக்கிறது. எனக்கு எதுவும் முடியும் போலிருக்கிறது. வடிகட்டி மாற்றினேன். இதை முடித்துவிட்டு ஜெயசீலனுக்கு

செப்டம்பர் 22

நான் வடிகட்டியை மாற்றவே இல்லையாம். லாத்தா சொல்லி, அவரே மாற்றினார். மாற்றிய ஞாபகம் எனக்கு இருக்கிறது.

செப்டம்பர் 25

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அண்ணன் சூரியத் தகடு துடைக்க வெளியே போனார். சிறிது நேரத்தில் ரேடியோவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. மேடு ஏறும் மாட்டின் மூச்சு மாதிரி. "அண்ணே, உள்ள வாங்க" என்றேன். பதில் இல்லை. சன்னலில் பார்த்தேன். தகட்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சாய்ந்துவிட்டார்.

உடை மாட்டிக்கொண்டு ஓடினேன். இங்கே எதன் எடையும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான், அதனால் அவரை முதுகில் போட முடிந்தது. நாலு எட்டு வைத்ததும் எனக்கும் அதே நிலைமை. நெஞ்சுக்குள் யாரோ துணி அடைத்த மாதிரி. எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. கதவைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஒரு கால், இன்னொரு கால். கதவுக்குள் விழுந்தோம். வெளிக்கதவு மூடி, உள்ளே காற்று நிறைந்து, லாத்தா எங்கள் தலைக்கவசங்களைக் கழற்றினார். மூச்சு முட்டுவது உடனே நின்றுவிட்டது.

லாத்தா அண்ணன் விரலில் கிளிப்பை மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி. எண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். கிளிப் சரியில்லையோ என்று தன் விரலில் மாட்டிப் பார்த்தார். அவருக்கும் குறைவு. என் விரலைப் பிடித்து இழுத்தார். எனக்கும்.

"கிளிப் கெட்டுப்போச்சு லாத்தா" என்றேன். "மீட்டர் இருபத்தொண்ணு காட்டுதே."

"நீ அந்த மீட்டரையே கட்டிக்கிட்டு அழு."

சுவரில் சிவப்புச் சிலிண்டர் ஒன்று தொங்கும். அவசரத்துக்கென்று பூமியிலிருந்து கொண்டுவந்தது, இதுவரை தொடாதது. லாத்தா அதன் முகமூடியை அண்ணனுக்கு வைத்தார். அவர் கண் திறந்ததும் எடுத்து, நான் தலையாட்டி மறுக்க மறுக்க, என் முகத்தில் அழுத்திப் பிடித்தார்.

நாலைந்து மூச்சுதான். யாரோ விளக்கு வெளிச்சத்தை எல்லாம் கூட்டிவிட்டார்கள்.

"லைட்டை யாரு போட்டா?"

"யாரும் போடல செல்வி."

சன்னலைப் பார்த்தேன். குன்றுகள் சாம்பல் நிறத்தில் இல்லை. செங்கல் சிவப்பு. அவை எப்போதும் சிவப்பாகத்தான் இருந்திருக்கின்றன. எனக்குத்தான் நிறம் தெரியாமல் போயிருக்கிறது. அது உறைத்த கணத்தில் எல்லாம் உறைத்தது. வடிகட்டி, உப்பு, சிரிப்பு, சண்டை.

"அப்ப மூச்சு முட்டியிருக்கணுமே" என்றேன்.

"ஆக்சிஜன் கொறைஞ்சா மூச்சு முட்டாது. கரியமில வாயு கூடுனாத்தான் முட்டும். உள்ளாற அதை வடிகட்டி உறிஞ்சிருது. அதனால நமக்கு ஒண்ணும் தெரியல. தெரியாமலே சிரிச்சுக்கிட்டே மவுத்தாயிருப்போம்."

செப்டம்பர் 26

இன்று சிவப்புச் சிலிண்டரின் முகமூடியைப் போட்டுக்கொண்டு, தெளிந்த மூளையோடு உலையைச் சோதித்தேன். பீங்கான் தகடுகளில் விரிசல். புயலின்போது ஆறி ஆறிச் சூடானதில் வந்தது. அதன் வழியாகக் கரியமில வாயு ஆக்சிஜனோடு கலந்து வந்திருக்கிறது. அந்தக் கலப்பட வாயுவைக் காட்டித்தான் மீட்டருக்கு "இதுதான் சுத்தம்" என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது சொன்னபடி கேட்டது. அது இருபத்தொன்று காட்டும் அளவுக்கு மட்டுமே உலை உள்ளே ஆக்சிஜன் விட்டது. நிலையத்துக்குள் கரியமிலத்தை வடிகட்டி எடுத்துவிட்டது, ஆக்சிஜன் மட்டும் குறைந்துகொண்டே போனது. வெளியுடையில் இருப்பது சின்ன வடிகட்டி. அதற்குத் தாங்கவில்லை, அதனால் வெளியே மூச்சு முட்டியது. அண்ணன் சொன்னதுதான் சரி.

அவரிடம் போய், "அண்ணே, சிலிண்டர்ல காத்து அடைக்கல. நீங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

"உடுங்க அம்மிணி. தூக்கிட்டு வந்தீங்கள்ல" என்றார்.

சிவப்புச் சிலிண்டரைக் காட்டி மீட்டரைத் திருத்தினேன். எண் சரசரவென்று விழுந்தது.

செப்டம்பர் 27

உலையைப் பிரித்து, விரிசல் விட்ட தகடுகளை எடுத்தாக வேண்டும். அது ஆறவே நாளாகும். அதுவரை எதைச் சுவாசிப்பது? சிவப்புச் சிலிண்டர் தாங்காது.

குன்றுக்கு அந்தப் பக்கம் ராக்கெட் நிற்கிறது. மேலே சுற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கப்பலுக்கு எங்களை ஏற்றிச்செல்ல வேண்டியது. எரிபொருள் எரியவும் ஆக்சிஜன் வேண்டும். ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி அதுதான். நாங்கள் வருவதற்கு முன்பே நிரப்பி வைத்தது, சுத்தமானது. எடுத்தால் டிசம்பரில் மூவரும் ஏற முடியாது. அடுத்த வாய்ப்பு வரப் பூமியும் செவ்வாயும் மறுபடி நெருங்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு மேல்.

நான் ஒரு யோசனை சொன்னேன். இப்போது இருக்கும் மெல்லிய காற்றிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம். நான் மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு உலையைப் பார்க்கிறேன். ராக்கெட்டைத் தொட வேண்டாம்.

"ஒருத்தி மூளையை நம்பி மூணு உசிரா? ஒன் கை ஒரு தடவை நடுங்குனா உலையும் போச்சு" என்றார் லாத்தா.

இருவரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் எழுந்து உடையை மாட்டத் தொடங்கினார்.

"எங்கண்ணே?"

"வால்வைத் திறக்கோணுமில்லீங்க. அதைத் திறக்கறது தலைவர் வேலை."

லாத்தா சிவப்புச் சிலிண்டரில் மிச்சமிருந்ததை அவருடைய உடைக்கு மாற்றினார். போய்விட்டு வர நெடுநேரம் ஆயிற்று. ராக்கெட்டிலிருந்து நிலையம் வரை குழாயை விரித்தபடி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. தூசி என்றார். தலைக்கவசத்துக்குள் தூசி புகாது.

அக்டோபர் 3

உலை ஆறிவிட்டது. பிரிக்கத் தொடங்கினேன். தூத்துக்குடியில் எனக்காகக் காத்திருக்கும் ஜெயசீலனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: டிசம்பரில் வர இயலாமல் போகலாம்.

அக்டோபர் 5

ஜெயசீலன் பதில் வந்திருக்கிறது. நீளமாக இருக்கிறது. உலை வேலை முடிந்ததும் படிக்கலாம்.

அக்டோபர் 14

ஒவ்வொரு தகடாக வெளிச்சத்துக்கு முன் பிடித்துப் பார்த்தோம். லாத்தா அறுவைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். மயிரிழை விரிசல்கள். பாதித் தகடுகள் தேறின. தேறியதை மட்டும் அடுக்கி, இடைவெளிகளை அடைத்தேன். சூட்டை மெல்ல மெல்ல ஏற்றப்போகிறேன். அவசரப்பட மாட்டேன்.

அக்டோபர் 20

ஓடுகிறது. சுத்தமான ஆக்சிஜன். ராக்கெட் ஆக்சிஜனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அண்ணன் மூவருக்கும் கடைசி மைசூர்பாகுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

நவம்பர் 2

பாதி உலை இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். மூன்று பேருக்கு, எல்லோரும் படுத்தே கிடந்தால் போதும். சூரியத் தகடு துடைக்க வெளியே போனால் சிலிண்டர் நிரப்ப மிச்சமில்லை. துடைக்காவிட்டால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாவிட்டால் உலை இல்லை. பற்றாக்குறைக்கு ராக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் அது ஒருநாளும் நிறையாது. மூவரும் இங்கேயே இருந்தால் யாரும் எப்போதும் ஊருக்குப் போக முடியாது.

இதை இருவரிடமும் சொன்னேன். பீன்ஸைக் கூட்டினால் என்ன என்று லாத்தா கேட்டார். கணக்குப் போட்டோம். நிலையம் முழுக்கச் செடி வைத்தாலும் ஒரு ஆளுக்குத் தேறாது.

நவம்பர் 6

ராக்கெட்டில் மிச்சமிருப்பது மூவரைத் தூக்காது. ஒருவரைத் தூக்குமா?

மூன்று இருக்கைகளில் இரண்டைக் கழற்றலாம். உள்பலகைகளையும் கழற்றலாம். ஏற்ற வேண்டிய பாறைகளை ஏற்றாமல் விடலாம். இருப்பதிலேயே எடை குறைந்தவர் லாத்தா. அவர் என்றால் சுலபம். அண்ணன் எங்கள் மூவரில் கனமானவர். அவர் என்றால் மயிரிழை.

பூமிக்குக் கணக்கை அனுப்பினேன். இரண்டு பெயர்களுக்கும் தனித்தனியாக. இரண்டும் முடியும், மிச்சமுள்ள இருவருக்கும் பூமி மறுபடி நெருங்கும்போது வேறு ராக்கெட் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றும் இருந்தது.

நவம்பர் 8

லாத்தாவிடம் நான் மட்டும் முதலில் சொன்னேன், எடைக் கணக்குப்படி அவர்தான் போக வேண்டும் என்று. அவருக்கும் காயலில் வயதான உம்மா இருக்கிறார். பீன்ஸ் இலை ஒன்றின் தூசியைத் துடைத்தார். பிறகு, "துரைராசுக்கு முடியுமா முடியாதா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

"முடியும். கஷ்டப்பட்டா."

"அப்ப கஷ்டப்படு."

நவம்பர் 9

சாப்பாட்டு மேசையில் பேச்சு. அண்ணன் பிடி கொடுக்கவில்லை.

"தலைவர் கடைசியாத்தானுங்க கிளம்போணும். டாக்டரம்மா போகட்டும். இல்லீன்னா அம்மிணி போகட்டும்."

"உலையை யாருண்ணே பாக்க? நான் போக முடியாது."

"அப்ப டாக்டரம்மா."

லாத்தா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "துரைராசு, நான் இப்ப டாக்டராப் பேசுறேன். அன்னிக்கு விழுந்தீங்கள்ல, அதுல உங்க இதயம் அடிபட்டிருக்கு. இங்க வச்சு என்னால வைத்தியம் பாக்க முடியாது. இன்னும் ரெண்டு வருஷம் இந்தக் காத்துல நீங்க தாங்க மாட்டீங்க. பூமிக்கும் எழுதிப்புட்டேன்."

அண்ணன் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

நேற்று முன்தினம் அவர் ஓட்டப்பொறியில் ஓடி முடித்து, மூச்சு இரைக்காமல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். அதை இங்கே எழுத என்ன அவசியம். லாத்தா சொன்னது மருத்துவம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை.

நவம்பர் 17

ராக்கெட்டில் வேலை. இருக்கைகளைக் கழற்றினோம். பலகைகள், பிடிகள், காலணி அலமாரி, உபரிக் கம்பிகள். அண்ணன் இரண்டு வருஷம் நடந்து நடந்து சேர்த்த பாறைகளைப் பெட்டியோடு மணலில் இறக்கினார். ஒன்றே ஒன்றை, நெல்லிக்காய் அளவு, கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் கணக்கைப் பார்த்தேன்.

"வேண்டாம்ணே" என்றேன்.

பெட்டியில் போட்டுவிட்டார்.

நவம்பர் 29

சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு அண்ணன் எடை இறங்கிவிட்டார். லாத்தா திட்டினார். எனக்குக் கணக்கு சற்றுத் தளர்ந்தது. வெளி வேலை இல்லாதபோது மூவரும் படுத்தே கிடக்கிறோம், ஆக்சிஜனை மிச்சம் பிடிக்க. மீட்டர் பத்தொன்பதில் நிற்கிறது. உண்மையான பத்தொன்பது.

ஜெயசீலன் கடிதத்தை இன்று படித்தேன். பதில் எழுதிவிட்டேன்: டிசம்பரில் வரவில்லை. அதற்கு மேல் எழுத வேலை விடவில்லை.

டிசம்பர் 9

நாளை. வானம் தெளிவு.

டிசம்பர் 10

காலையில் மூவரும் ராக்கெட் வரை நடந்தோம். தலைக்கவசங்களோடு கட்டிப்பிடிக்க முடியாது, முட்டிக்கொள்ளத்தான் முடியும். முட்டிக்கொண்டோம். அண்ணன் ஏணியில் ஏறும்போது, "உலையை அணைச்சுடாதீங்க அம்மிணி" என்றார். "அணைக்க மாட்டேன்" என்றேன்.

நாங்கள் குன்றுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு கிளம்பியது. இங்கே சத்தம் காதுக்கு அவ்வளவாக எட்டாது. கால் வழியாகத்தான் அதிர்வு வந்தது. தூசி மேகத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது. மேலே போகப் போக என் கணக்கை வரி வரியாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். எங்கேயாவது தப்பியிருக்கிறேனா, எங்கேயாவது. கோடு சாய்ந்தது. புள்ளியானது. மறைந்தது.

உள்ளே வந்து ரேடியோவுக்கு முன் உட்கார்ந்தோம். லாத்தா உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். நானும் ஜெபித்தேன். மதியத்துக்கு மேல் அண்ணன் குரல் வந்தது.

"கப்பலுக்கு வந்து சேர்ந்துட்டேனுங்க. டேங்க்ல சொட்டு மிச்சமில்லீங்க அம்மிணி. உங்க கணக்கு கணக்குத்தான்."

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா இருக்கறாங்களா?"

"இருக்கேன், சொல்லுங்க" என்றார் லாத்தா.

"என்ற இதயத்துல ஒரு கோளாறும் இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. அன்னிக்கே தெரியும். மூணு பேரு இருந்தா யாருமே பொழைக்க மாட்டோம்னுதான் சரின்னேன். அப்புறம்..." கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. "அப்புறம், எனக்கு அவளைத் தூக்கோணும்னு இருந்துச்சுங்க. அதையும் சொல்லிடறேன்."

லாத்தா மைக்கைப் பிடித்தபடி, "முதல்ல சாப்பிடுங்க. எடையைக் கொறச்சு வச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்துபோய்ப் பீன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

டிசம்பர் 11

எழுந்ததும் லாத்தா என்னைக் கூப்பிட்டார். சுவருக்கு முன்னால் நின்றிருந்தார். மீட்டர் பத்தொன்பதைத் தாண்டி ஏறியிருந்தது. நாங்கள் எதையும் திருகவில்லை. ஒருவர் குறைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அவரோட பங்கு" என்றார் லாத்தா.

இருவரும் நின்று பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு புள்ளி ஏறியது. வெளியுடைச் சிலிண்டர் இரண்டையும் நிரப்பப் போட்டிருக்கிறேன். மதியத்துக்குள் நிறைந்துவிடும்.